வியர்க்கும் மரங்கள்

மாணவர்களே!

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியின் முற்றத்தில் பெரியதொரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. வெயில் கடுமையாகிவிட்டால் அதன் நிழலில் வகுப்புகள் நடப்பதுண்டு. ஒருநாள் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் புத்தகத்தை ஏந்திக்கொண்டு என்னிடம் ஓடிவந்து, “ஐயா, இந்த மரம் வியர்க்கிறது” என்றான். புத்தகத்தின் அட்டை பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. வானத்தில் மேகம் என்பது மருந்துக்கும் இல்லை. சில வாரங்களில் மரத்தடிப் பலகைகள் கரி பூசினாற்போல் கறுத்தன. மரத்துக்குத் தீராத நோய் கண்டுவிட்டது, வெட்டிவிடுவதே நல்லது என்றனர் சிலர். கடையில் கிடைக்கும் நஞ்சு எதையேனும் வாங்கித் தெளித்துவிடலாம் என்றனர் வேறு சிலர். மேலே இருப்பது யாது என்று பார்த்தவர் மட்டும் ஒருவருமில்லை.

மரம் வியர்ப்பதில்லை. அச்சிறுவன் வியர்வை எனக் கருதியது, கிளைகளில் அடையடையாக ஒட்டியிருந்த பூச்சிகள் வெளியேற்றிய இனிப்பு நீர். செய்தி சிறியதுதான். ஆயினும் அதனை அறிவதற்கும், அறிந்தபின் செய்யத்தக்கது யாது எனத் தெளிவதற்கும் மனிதகுலம் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் உழைத்திருக்கிறது. அந்த வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நம் சிறுவனைப் போலவே வியந்தவர்கள் தென்னமெரிக்காவிலும் இருந்தனர். வானம் தெளிந்திருக்கும்போதே மழை பொழியும் மரம் ஒன்று உண்டு என்று பெரு நாட்டின் கிழக்குப் பகுதி மக்கள் சொல்லிவந்தனர். அதனைக் கட்டுக்கதை என்று தள்ளியவர்களும் உண்டு. ஆங்கிலேயத் தாவர அறிஞரான ரிச்சர்டு ஸ்புரூஸ் 1855-ஆம் ஆண்டில் அந்நாட்டின் தாரபோட்டோ என்னும் ஊரில் தங்கியிருந்தபோது அம்மழையைத் தாமே கண்டார். கண்டதும் அண்ணாந்து நோக்கினார். கிளைகளில் சிள்வண்டுகள் கூட்டமாக அமர்ந்து மரத்தின் சாற்றை உறிஞ்சி, மெல்லிய நீர்த்தாரைகளைப் பீச்சிக்கொண்டிருந்தன. மக்கள் சொன்னது பொய்யன்று. மரம் மழை பெய்தது என்பதும் மெய்யன்று. தூங்குமூஞ்சி மரத்துக்கு ஆங்கிலத்தில் ‘மழைமரம்’ எனப் பெயர் வழங்குவதற்கு இத்தகைய நிகழ்ச்சியையும் ஒரு காரணமாகச் சொல்வர்.

இனி, இந்தப் பூச்சிகள் ஏன் இவ்வாறு நீரைச் சொரிகின்றன என்பதைக் காண்போம். மரத்துக்குள் இருவகை ஓட்டங்கள் உள்ளன. வேர் உறிஞ்சிய நீர் கட்டை வழியே மேலேறுகிறது. சிள்வண்டு பருகுவது பெரும்பாலும் அந்நீரையே. இலைகள் சூரிய ஒளியைக் கொண்டு ஆக்கிய சர்க்கரையோ, பட்டைக்கு உட்புறத்திலுள்ள நுண்குழாய்களின் வழியே மரமெங்கும் செல்கிறது. அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ முதலியவை தம் ஊசி போன்ற வாய்க்குழலை இந்தச் சர்க்கரைக் குழாய்களுக்குள்ளேயே செலுத்துகின்றன. அச்சாற்றில் இனிப்பு ஏராளம். உடல் வளர்வதற்கு வேண்டிய தழைச்சத்துப் பொருள்கள் மிகச் சொற்பம். ஆகவே அச்சத்தைத் தேவையான அளவு பெறுவதற்காகப் பூச்சி அளவுக்கு மீறிப் பருகவேண்டியிருக்கிறது. மிஞ்சிய சர்க்கரையை வெளியே தள்ளவேண்டியும் இருக்கிறது. அதுவே கீழே சொட்டும் தேன்நீர். அத்தேன்நீரின்மேல் கரும்பூசணம் படர்வதால் இலையும் பலகையும் கறுக்கின்றன. தேன்நீரை நாடி எறும்புகள் சாரிசாரியாக மரமேறுகின்றன. தமக்கு இனிப்பு வழங்கும் பூச்சிகளை அவை, இடையர் மாட்டைக் காப்பதுபோலக் காத்து, அவற்றைத் தின்னவரும் பொறிவண்டுகளையும் குளவிகளையும் விரட்டுகின்றன.

இப்பூச்சிகளை இனங்காணுதல் அரிதன்று. இளந்தளிர்களும் இலைகளும் சுருண்டு, அவற்றின் அடியில் மென்மையான, பேரிக்காய் வடிவுடைய சிறு பூச்சிகள் நெருங்கியிருப்பின் அவை அசுவினிகள். அவற்றின் பின்புறத்தில் இரு குறுங்குழல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். வெண்மையான மாவு போர்த்துக் கிளைக்கவடுகளில் கூடியிருப்பவை மாவுப்பூச்சிகள். இலையைத் தட்டியதும் வெண்துகள்போல் எழுந்து பறப்பவை வெள்ளை ஈக்கள். பட்டையில் அசையாது ஒட்டி, மரத்தின் மருபோலவே தோன்றி, நகத்தால் கீறினால் பெயர்ந்து வருபவை செதில் பூச்சிகள். இவற்றுள் கடினமான ஓடுடைய செதில் பூச்சிகள் தேன்நீர் சொரிவதில்லை. ஆதலின் பிசுபிசுப்பு இல்லை என்பதால் பூச்சியும் இல்லை என்று முடிவு செய்துவிடலாகாது.

இவை யாவும் மனிதனுக்குப் பகையே என்றும் எண்ணவேண்டா. புரசு, இலந்தை முதலிய மரங்களின் சாற்றை உண்டு வாழும் அரக்குப் பூச்சியும் செதில் பூச்சிகளின் உறவினமே. பாரதத்தில் பாண்டவருக்காகக் கட்டப்பட்ட அரக்கு மாளிகையை நீங்கள் அறிவீர்கள். அந்த அரக்கு, ஒரு சாறுண்ணிப் பூச்சி தன் உடலைச் சுற்றி அமைத்துக்கொள்ளும் கூடு. ஓரினத்தை நோயென்று ஒழிக்கிறோம். அதன் உறவினத்தைத் தொழிலாக வளர்க்கிறோம். பெயரும் இயல்பும் அறியாமல் பகையென்றோ நட்பென்றோ தீர்ப்பளிப்பது பொருந்தாது என்பதற்கு இதுவே சான்று.

இப்பூச்சிகள் இத்துணை விரைவில் பெருகுவது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடை காணத் தொடங்கியவர் ஜினீவா நகரத்து இளைஞர் சார்லஸ் போனே. 1740-ஆம் ஆண்டில், தமது இருபதாம் வயதில், அவர் ஓர் அசுவினி பிறந்தவுடனேயே அதனை வேறு பூச்சி எதுவும் அணுகாதபடி தனியே அடைத்து வைத்து, நாள்தோறும் உற்றுநோக்கினார். ஆண் பூச்சியின் தொடர்பே இல்லாத அந்த அசுவினி சில வாரங்களில் 95 குட்டிகளை ஈன்றது. அறிவுலகம் வியப்புற்றது. தாய் வயிற்றிலிருக்கும் குட்டியின் வயிற்றிலேயே அடுத்த தலைமுறையின் கரு வளரத் தொடங்கிவிடுகிறது என்பதைப் பின்வந்தோர் தெளிவுபடுத்தினர். ஒன்று பலவாவதற்கு இவற்றிற்கு நாள்கள் சிலவே போதும். அங்ஙனமாயின், உலகத்து மரங்களையெல்லாம் இவை என்றோ உறிஞ்சி முடித்திருக்கவேண்டுமே! முடிக்காமைக்குக் காரணம், ஒவ்வொரு பூச்சிக்கும் அதன் தாயகத்தில் பகைவர் பலர் உளர் என்பதே. பூச்சி மட்டும் கடல் கடந்து, பகைவர் பின்தங்கிவிட்டால் என்ன நேரும்? இதனை உலகுக்குக் காட்டிய நாடு, அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த கலிபோர்னியா.

1868-ஆம் ஆண்டையொட்டி அங்கே மென்லோ பார்க் என்னும் ஊரில், ஆஸ்திரேலிய அக்கேசியா மரமொன்றில் வெண்பஞ்சு போர்த்தாற்போன்ற செதில் பூச்சி காணப்பட்டது. ஐசெரியா என்பது அதன் பெயர். இருபது ஆண்டுகளுக்குள் அது தோட்டங்களிலும் வீதிகளிலும் பரவி, ஆரஞ்சுத் தொழிலையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்தது. உழவர்கள் சோப்புக் கரைசலைத் தெளித்தனர், எண்ணெயைத் தெளித்தனர், மரத்துக்கு மரம் கூடாரம் அமைத்து, கொடிய சயனைடு வாயுவை உள்ளே செலுத்தினர். பூச்சி மீண்டும் மீண்டும் தழைத்தது. தாம் நட்ட மரங்களைத் தாமே வெட்டி எரித்தவர்களும் உண்டு.

அந்நாளில் அமெரிக்க விவசாய இலாகாவின் பூச்சியியல் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் சார்லஸ் ரைலி. இப்பூச்சியின் தாயகம் ஆஸ்திரேலியா. ஆனால் அங்கே இது பெருந்தீங்கு விளைவிப்பதில்லை. அங்ஙனமாயின் அங்கே இதனை அடக்கிவைப்பது எது என்று அவர் சிந்தித்தார். அதைத் தேடிவர ஆல்பர்ட் கோயபெலே என்பவர் 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கப்பலேறினார். இலாகாவின் பணத்தில் வெளிநாட்டுப் பயணம் செய்வதற்குச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே அவ்வாண்டு மெல்போர்ன் நகரில் நடந்த பொருட்காட்சிக்கென ஒதுக்கப்பட்ட தொகையிலிருந்து அவருடைய செலவு ஈடுசெய்யப்பட்டது. அவர் முக்கியமாகத் தேடிச்சென்றது, செதில் பூச்சியின் உடலுக்குள் வளரும் ஒரு சிற்றீயை. அடிலெய்டு நகரத் தோட்டமொன்றில், செம்மையும் கருமையும் கலந்த ஒரு சிறு பொறிவண்டு அச்செதில் பூச்சியைத் தின்றுகொண்டிருப்பதையும் கண்டார். அதுவே வெடாலியா வண்டு.

முதன்முதலாக வந்துசேர்ந்த வண்டுகள் 129 மட்டுமே. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பூச்சி பிடித்த ஓர் ஆரஞ்சு மரத்தைச் சுற்றிக் கூடாரமிட்டு, அதனுள் அவை விடப்பட்டன. சில மாதங்களில் அம்மரம் பூச்சியற்றதாயிற்று. 1889-ஆம் ஆண்டு ஜூன் மாதத்துக்குள் 10,555 வண்டுகள் 208 உழவர்களுக்கு வழங்கப்பட்டன. அவ்வாண்டு முடிவதற்குள் ஐசெரியாவின் கொடுமை ஒடுங்கியது. நச்சுவாயு பல ஆண்டுகளில் செய்யமுடியாததை ஒரு சிறு வண்டு ஓராண்டில் செய்துமுடித்தது. பூச்சியின் பெயரை அறிந்தமையால் அதன் ஊர் தெரிந்தது. ஊரை அறிந்தமையால் அதன் பகைவன் தெரிந்தான். இனங்காணுதல் வெறும் பள்ளிப்பாடமன்று என்பது அன்று விளங்கியது.

அப்பூச்சி நம் நாட்டுக்கும் வந்தது. 1928-ஆம் ஆண்டில் நீலகிரியில், தோல் பதனிடும் பட்டைக்காக வளர்க்கப்பட்ட சீகை மரங்களில் ஐசெரியா காணப்பட்டது. தாமதமின்றி வெடாலியா வண்டு வரவழைக்கப்பட்டு, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலையில் விடப்பட்டது. அடிலெய்டுத் தோட்டத்தில் கோயபெலே கண்ட வண்டு, நாற்பது ஆண்டுகளுக்குப்பின் உதகையின் மலைச்சரிவுகளில் அதே பணியைச் செய்தது.

இத்தகைய வெற்றிகளைக் கண்டும், மனித மனம் நஞ்சின் எளிமையையே நாடியது. அந்த எளிமையின் எல்லையை முதலில் உணர்த்தியதும் ஒரு சாறுண்ணிப் பூச்சிதான். ஆப்பிள், பேரி முதலிய இலையுதிர் மரங்களையும், அவ்வினத்து நிழல் மரங்கள் பலவற்றையும் தாக்கும் சான் ஹோசே செதில் பூச்சி, 1870-களில் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் கண்டறியப்பட்டு, நாடெங்கும் பரவியது. இலையுதிர் மரத்தில் ஒரு வசதி உண்டு. குளிர்காலத்தில் கிளைகள் வெறுமையாக நிற்கும்; பட்டையில் ஒட்டியுள்ள செதிலும், அரும்பருகே இடப்பட்ட அசுவினி முட்டையும் மறைவின்றி வெளிப்படும். அப்பருவத்தில் சுண்ணாம்பு கந்தகக் கரைசலைத் தெளித்து உழவர்கள் பயன் கண்டனர். ஆனால் வாஷிங்டன் மாநிலத்தின் சில தோட்டங்களில் அக்கரைசலுக்குப் பூச்சிகள் மடியவில்லை. அங்கே பணிபுரிந்த மெலாண்டர் என்னும் அறிஞர் 1914-ஆம் ஆண்டில், பூச்சிகள் மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெறக்கூடுமா என்ற கேள்வியை எழுப்பி ஆய்வுரை ஒன்று வெளியிட்டார். கூடும் என்பதே விடையாயிற்று. மருந்துக்குத் தப்பிய சிலவற்றின் வழித்தோன்றல்களே தோட்டத்தை நிரப்புகின்றன. ஆண்டுதோறும் தெளிக்கும் மருந்து, தன்னையே வெல்லும் குலத்தைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் டி.டி.டி. வந்தபோது மெலாண்டரின் எச்சரிக்கை பின்தள்ளப்பட்டது. கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் 1946, 1947 ஆண்டுகளில் அம்மருந்து தெளிக்கப்பட்டதும், அறுபது ஆண்டுகளாக அடங்கியிருந்த ஐசெரியா திடீரென்று மீண்டும் தலைதூக்கியது. காரணம் யாது? டி.டி.டி.க்கு மெழுகு போர்த்த செதில் பூச்சி எளிதில் மடியவில்லை. அதனைத் தின்றுவந்த வெடாலியா மடிந்தது. காவலனைக் கொன்று கள்வனை வளர்த்த கதையாயிற்று. மருந்தை நிறுத்தி வண்டுகளை மீண்டும் கொணர்ந்த பிறகே அமைதி திரும்பியது. அந்நாட்டில் டி.டி.டி.யின் பயன் 1972-ஆம் ஆண்டில் பெரும்பாலும் தடைசெய்யப்பட்டது.

அப்படியாயின் மருந்தே வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். கலிபோர்னியப் பல்கலைக்கழக அறிஞர் நால்வர் 1959-ஆம் ஆண்டில் இதற்கு நிதானமான விடையொன்று தந்தனர். பூச்சி ஒன்று இருக்கிறது என்பதற்காக மட்டும் மருந்து தெளிக்கலாகாது. அதனால் விளையும் நட்டம் ஒரு வரம்பைத் தாண்டுமா என்று கணக்கிடவேண்டும். தாண்டுமாயினும், அதன் இயற்கைப் பகைவர்க்குக் கேடு வராத வழியைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பூச்சியை அடியோடு ஒழிப்பதன்று, அடக்கி வைப்பதே குறிக்கோள். ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்று இன்று வேளாண் கல்லூரிகளில் பயிற்றப்படும் முறைக்கு இக்கருத்து அடிப்படையாயிற்று.

அந்நால்வருள் ஒருவரான ராபர்ட் வான் டென் பாஷ் வால்நட் மரத்து அசுவினியை ஆராய்ந்தார். அவ்வசுவினியின் உடலுக்குள் முட்டையிடும் ஒரு நுண்குளவி 1959-இல் பிரான்சிலிருந்து கொணரப்பட்டது. கடற்கரைப் பகுதிகளில் அது நன்கு செழித்தது. கோடை கொளுத்தும் நடுப்பள்ளத்தாக்கில் நிலைக்கவில்லை. இங்கே குளவியின் இனம் தவறன்று. அது பிறந்த மண்ணே பொருந்தவில்லை என்று அவர் உணர்ந்தார். 1968-ஆம் ஆண்டில், வெப்பமும் வறட்சியும் மிக்க ஈரான் பீடபூமியிலிருந்து அதே இனக் குளவியைக் கொணர்ந்தார். அது பள்ளத்தாக்கு முழுவதும் பரவி அசுவினியை அடக்கியது. இனத்தை அறிந்தால் மட்டும் போதாது, அது பழகிய தட்பவெப்பத்தையும் அறியவேண்டும் என்பது இதனால் பெறப்பட்டது.

இதுவரை தோட்டங்களைப் பற்றிப் பேசினோம். வீதியின் நிழல் மரத்துக்கோ இன்னொரு சிக்கல் உண்டு. தோட்டத்தில் தெளிக்கும் நஞ்சு உழவரையும் காற்றையும் தொடும். வீதியில் தெளிக்கும் நஞ்சு நடக்கும் குழந்தையின் தலையிலேயே விழும். கலிபோர்னியாவின் பெர்க்லி நகர வீதிகளில் லிண்டன் என்னும் இலையுதிர் மரங்கள் நிழல் தந்தன. அவற்றின் அசுவினிகள் சொரிந்த தேன்நீர், அடியில் நிறுத்திய மோட்டார் வண்டிகளின்மேல் படிந்தது. வண்டி அழுக்காகிறது என்ற முறையீட்டுக்காக மரங்களுக்கு நஞ்சு தெளிக்கப்பட்டுவந்தது. 1970-களின் தொடக்கத்தில் வில்லியம் ஓல்கவ்ஸ்கி, ஹெல்கா ஓல்கவ்ஸ்கி ஆகிய தம்பதியர் இதனை ஆராய்ந்தனர். முறையீடு வந்தவுடன் தெளிப்பதற்குப் பதிலாக, மரந்தோறும் சென்று பூச்சிகளைக் கணக்கிடச் செய்தனர். அடிமரத்தில் ஒட்டுப்பட்டை கட்டி எறும்புகளைத் தடுத்தனர். ஐரோப்பாவிலிருந்து லிண்டன் அசுவினிக்குரிய நுண்குளவியை வரவழைத்து நிலைபெறச் செய்தனர். வீதிமரங்களுக்கு நஞ்சு தெளிக்கும் தேவை பெருமளவு நீங்கியது. மரத்தின் உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு பிசுபிசுப்புக்காகக் குடியிருப்பின் நடுவே நஞ்சைத் தூவலாமா என்ற கேள்வியை நகரமக்கள் தமக்குள் கேட்டுக்கொள்ளச் செய்தமையும் அவர்களுடைய தொண்டேயாகும்.

இதற்கு அடுத்த சோதனை 1988-ஆம் ஆண்டில் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஆஷ் மரத்து வெள்ளை ஈ முதன்முதலாகத் தோன்றியது. ஆஷ் மரங்களும் அலங்காரப் பேரி மரங்களும் பருவத்துக்கு முன்னரே இலைகளை உதிர்த்தன. வெள்ளை ஈக்கள் மேகம்போல் எழுந்து நடப்போரை வருத்தின. மாநிலம் முழுவதிலும் வீடுவீடாக உள்ள மரங்களுக்கு மருந்து தெளிப்பது இயலாத செயல். எனவே இத்தாலி, இஸ்ரேல் ஆகிய நாடுகளிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளமுடைய குளவி கொணரப்பட்டு, 1990-ஐ ஒட்டிப் பரப்பப்பட்டது. விடப்பட்ட இடங்களில் ஓரிரு ஆண்டுகளில் வெள்ளை ஈயைத் தேடிக் காணவேண்டிய நிலை ஏற்பட்டது. 1997-இல் பொருளியல் அறிஞர்கள் இதனைக் கணக்கிட்டனர். செலவு ஏறத்தாழ 12 லட்சம் டாலர். காப்பாற்றப்பட்ட மரங்களின் மதிப்போ 20 கோடி டாலருக்கும் மேல். காயும் கனியும் தராத நிழலுக்கும் விலையுண்டு என்பதை அக்கணக்கு எடுத்துக்காட்டியது.

ஆயினும் வரலாற்றை ஒருபுறம் மட்டும் காட்டுவது நல்லாசிரியர்க்கு அழகன்று. மரங்களின் அசுவினிகளைத் தின்னட்டும் என்று ஆசியப் பொறிவண்டு ஒன்று 1916 முதல் பலமுறை அமெரிக்காவுக்குக் கொணரப்பட்டது. 1988-ஆம் ஆண்டில் அது லூசியானா மாநிலத்தில் நிலைபெற்றிருப்பது தெரியவந்தது. பின்னர் வடஅமெரிக்காவெங்கும் பரவி, ஐரோப்பாவையும் அடைந்து, 2004-இல் பிரிட்டனிலும் காணப்பட்டது. அது அசுவினியைத் தின்றது உண்மையே. ஆனால் அந்தந்த நாட்டுப் பொறிவண்டுகளையும் தின்று அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் வீடுகளுக்குள் குடியேறியது. வெடாலியா ஐசெரியாவின் இனத்தைச் சார்ந்தே வாழ்வது. இவ்வண்டோ கண்டதையெல்லாம் உண்பது. ஆகவேதான் இக்காலத்தில் அயல்நாட்டு உயிரி எதனையும் தனியறையில் அடைத்து, அது வேறெதனைத் தின்னும் என்று ஆராய்ந்த பின்னரே வெளியே விடுகின்றனர். பகையை இனங்காண்பதுபோல் துணையையும் இனங்காணவேண்டும்.

அவ்வாறு இனங்கண்டு செய்த பணிக்கு நம் நாட்டிலேயே அண்மைக் காலச் சான்றுண்டு. 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி காணப்பட்டது. பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, மல்பெரி, தேக்கு எனப் பலவற்றிலும் அது பரவியது. மருந்துகள் அதனை அடக்கவில்லை. அதன் தாயகம் மெக்சிக்கோவும் நடு அமெரிக்காவும் என்பது தெரிந்திருந்தமையால், 2010-ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதற்குரிய நுண்குளவிகள் பெங்களூருக்கு வரவழைக்கப்பட்டு, சோதனைக்குப்பின் தமிழ்நாட்டின் தோட்டங்களில் விடப்பட்டன. விரைவிலேயே பூச்சி அடங்கியது. ரைலி எழுப்பிய அதே கேள்விக்கு, 120 ஆண்டுகளுக்குப்பின் கிடைத்த அதே விடை இது.

இனி, நம் பள்ளி முற்றத்துக்குத் திரும்புவோம். அன்று நான் ஓர் ஏணியையும் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் கொண்டுவரச் செய்தேன். தாழ்ந்த கிளையொன்றில் மாவுப்பூச்சிகள் கூடியிருந்தன. அவற்றின் நடுவே, மற்றவற்றினும் பெரியதாய், நீண்ட வெண்மெழுகு இழைகள் தொங்கும் ஒன்று மெல்ல ஊர்ந்தது. “இதுதான் ஐயா, இவற்றுக்கெல்லாம் ராஜா” என்றான் சிறுவன். சற்று நேரம் பொறுத்து நோக்கினோம். அந்த ‘ராஜா’ தன் குடிகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது!

அது மாவுப்பூச்சியன்று, மாவுப்பூச்சியைப் போலவே வேடம் பூண்ட பொறிவண்டின் புழு. அப்பொறிவண்டின் தாயகமும் ஆஸ்திரேலியாவே. அதனைக் கலிபோர்னியாவுக்குக் கொணர்ந்தவரும் அதே கோயபெலேதான். தென்னிந்தியாவுக்கு அது 1898-ஆம் ஆண்டில், காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சியை ஒழிக்கும்பொருட்டு வரவழைக்கப்பட்டது. அப்பணியில் அது வெற்றி பெறவில்லை. ஆனால் இம்மண்ணிலேயே தங்கி, மாவுப்பூச்சிகளைத் தின்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவருகிறது.

கடையில் வாங்கிய நஞ்சை அன்று தெளித்திருந்தால் முதலில் மடிந்திருப்பது அப்புழுவே. நாங்கள் செய்தவை மிக எளிய செயல்கள். பூச்சி மிகுந்த சிறு கிளைகளை வெட்டி அழித்தோம். அடிமரத்தில் துணிப்பட்டை சுற்றி, அதன்மேல் பசை தடவி எறும்புகளைத் தடுத்தோம். கைக்கெட்டிய கிளைகளில் குழாய் நீரை விசையோடு பீச்சினோம். புழுக்கள் இருந்த கிளைகளைத் தொடாமல் விட்டோம். தேவை நேரின் வேப்பெண்ணெயைச் சோப்பு நீரில் கலந்து தெளிக்கலாம் என்று வைத்திருந்தோம்; தேவை நேரவில்லை. தூங்குமூஞ்சி மரம் வறண்ட பருவத்தில் இலை உதிர்ப்பது. அவ்வாண்டும் உதிர்த்தது, பூச்சி பிடித்த இலைகள் யாவும் சருகாயின. புதுத்தளிர் வந்தபோது புத்தகங்கள் ஒட்டவில்லை.

மாணவர்களே! உங்கள் வீதியிலோ கல்லூரி வளாகத்திலோ ஒரு மரம் வியர்க்கக் கண்டால், அதன்மேல் கோடரியையும் நஞ்சையும் ஏவுவதற்குமுன் அண்ணாந்து பாருங்கள். இருப்பது எந்தப் பூச்சி? எறும்பு ஏறுகிறதா? அதைத் தின்னவந்தது ஏதேனும் உளதா? மரம் உண்மையிலேயே நலிகிறதா, அல்லது நம் வண்டி மட்டும் அழுக்காகிறதா? இந்நான்கு கேள்விகளுக்கு விடை கண்டபின் கையை ஓங்கினாலும் காலம் கடந்துவிடாது. அன்று ஏணிமேல் நின்ற சிறுவன் இறங்கிவந்து என்னிடம் சொன்ன சொல் இன்னும் என் நினைவில் நிற்கிறது: “நல்ல வேளை ஐயா, நாம் முதலில் பார்த்தோம்.”